பழைய கடைவீடு: தேக்காவா, ஜூ சியட்டா, புகிஸ் ஸ்டைலா?

கீழ கடை, மேல வீடு இல்லன்னா ஆபீஸ், சிங்கப்பூர்ல ஒரு பழைய கடைவீட்டுல (ஷாப்ஹவுஸ்) பண்ணலாமான்னு மச்சான் ஆறு மாசமா கேட்டுட்டு இருக்கான். அவன் கண்ணு கலர் கதவு மேலயும் பூப்போட்ட டைல்ஸ் மேலயும், ஆனா மொதல்ல பாக்க வேண்டியது கட்டடம் எந்த ஏரியாவுல நிக்குதுங்கறத.

தேக்கா (லிட்டில் இந்தியா), சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ எல்லாம் 1989லயே கன்சர்வேஷன் ஏரியாவாயிடுச்சு, அதாவது பழைய கட்டடத்த இடிக்காம காப்பாத்த வேண்டிய ஏரியா. இங்க யுஆர்ஏ (நகரத் திட்டமிடற அரசு அமைப்பு) ரூல் கறார், முழு கட்டடத்தையும் வெச்சுக்கணும், ஓட்டுக்கூரை, பக்கத்து வீட்டோட பொதுவா இருக்கற பார்ட்டி வால், மர உத்திரம், காத்து வெளிச்சத்துக்கு நடுவுல தெறந்து விட்ட ஏர்வெல், படிக்கட்டு, மர ஜன்னல், எதையும் நம்ம இஷ்டத்துக்கு தூக்க முடியாது. அழகுன்னா இதான் அழகு, ஒத்துக்கறேன். ஆனா முகப்பு அஞ்சாறு மீட்டர்தான், உள்ள ரயில் பெட்டி மாதிரி நீளமா போகும், அதுக்குள்ள லிஃப்டுக்கு எடம் புடிக்கறதே போராட்டம், மரத்தளத்துக்கு மேல டாய்லெட் வெச்சா ஒழுகுமோன்னு பயம் வேற, கீழ சாப்பாட்டுக்கடை வந்தா தாளிக்கற வாசம் ஏர்வெல் வழியா நேரா மேல பெட்ரூமுக்கு வரும்.

ஜூ சியட், கேலாங், ஜாலான் புசார் பக்கம் கதை வேற. முன்னாடி இருக்கற மெயின் வீட்ட காப்பாத்தணும், பின்னாடி புதுசா, அனுமதிச்ச உயரம் வரைக்கும் கட்டிக்கலாம். எனக்கு இதான் புடிச்சிருக்கு, ஏன்னா டாய்லெட், கிச்சன், லிஃப்ட், தீ விபத்துன்னா எறங்க ரெண்டாவது படி, எல்லாம் பின்னாடி கான்கிரீட்டுக்கு போயிடும், முன்னாடி மரம் நிம்மதியா இருக்கும், மேல குடியிருக்கறவங்களும் கடைக்குள்ள பூந்து போக வேண்டாம்.

புகிஸ் ஜங்ஷன் மூணாவது வகை. பழைய கடைவீட்டு ஸ்டைல்ல முகப்பு, தெருவுக்கு மேல கண்ணாடிக் கூரை, ஏசி. மழைக்கு ஒதுங்க சூப்பர், ஆனா அது மால்தான்.

கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ கடைவீட்டோட சேக்க முடியாது, 1973ல கட்டின மலை மாதிரி அடுக்குமாடி அது. 2021ல கன்சர்வேஷன், அடுத்த வருஷம் 70 கோடி சிங்கப்பூர் டாலருக்கு வித்தாச்சு, பக்கத்துல புது டவர் எழுப்பறாங்க. பெருசுக்கு பெரிய காசு, நமக்கு ஆவாது.

எங்க எடுத்தாலும் செவத்த மட்டும் கவனிங்க. நான் முன்ன வேலை பாத்த ஆபீஸ்ல பழைய செங்கல் மேல சிமெண்ட் பூசி அதுக்கு மேல பளபள பெயிண்ட் அடிச்சுட்டாங்க, ஈரம் வெளிய போக வழியில்லாம கொஞ்ச நாள்லயே செதில் செதிலா உரிஞ்சு கொட்டுச்சு. சுண்ணாம்புப் பூச்சுதான் மூச்சு விடும்.

மச்சான் புடிச்சு வெச்சிருக்கறது தேக்காவுல, சாப்பாட்டுக்கடைக்கு மேல, ஒத்த மரப்படி. அட்வான்ஸ் குடுக்காதன்னு சொல்லியிருக்கேன், ஜாலான் புசார்ல ஒண்ண இந்த சனிக்கிழமை போய் பாக்கறோம், பின்சந்து வழியா.