மாகாண மன்றங்களை வலுவாக்க எது முதலில்: பயிற்சியா, செயலகமா, அதிகாரமா, மக்கள் கேட்பா?

மியன்மாரின் 2008 அரசமைப்பில் இரண்டாவது அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. மாநில, வட்டார மன்றங்கள் எவற்றைப் பற்றிச் சட்டம் இயற்றலாம் என்ற பட்டியல் அது. 2008இல் எழுதியபடி, மின்சாரம் என்றால், நாட்டின் பொது மின்கட்டமைப்போடு இணையாத சிறிய, நடுத்தர உற்பத்தி. காடு என்றால் ஊர் விறகுத் தோப்பு. அப்புறம் உப்பு. ரத்தினக் கல்லை வெட்டி மெருகேற்றும் வேலையும் உண்டு. அந்தக் கல்லைத் தோண்டி எடுப்பதைப் பற்றிச் சட்டம் போடுவது யார்? அது முதல் அட்டவணையில், தலைநகரிலுள்ள ஒன்றிய மன்றத்தின் கையில்.

இந்தப் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் 2011 ஜனவரி 31 அன்று 14 மன்றங்கள் முதன்முதலாகக் கூடின. உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் எந்த அவையிலும் உட்கார்ந்ததில்லை. உதவ வந்த நிறுவனங்கள் முதலில் நீட்டியது பயிற்சி வகுப்பு.

அதிகாரப் பரவலைப் புதிதாகத் தொடங்கிய நாடுகளை வரிசையாகப் பார்த்தால், மாகாண மன்றத்துக்கு வலுச் சேர்க்க நான்கு வழிகள் ஒன்றோடொன்று போட்டி போடுவது தெரியும். உறுப்பினருக்குப் பயிற்சி கொடுக்கலாம். மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு செயலகத்தை உருவாக்கலாம். முதலமைச்சரை மன்றத்துக்குக் கட்டுப்படுத்தி, நிதியையும் கையில் கொடுக்கலாம். சட்டம் போடும் முன் மக்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டு, மன்றத்தின் கதவை அவர்களுக்குத் திறந்துவிடலாம். நான்கும் வேண்டும் என்று சொல்லிவிடுவது சுலபம். பணமும் காலமும் எல்லா இடத்திலும் குறைவு என்பதால், எது முதலில் என்றுதான் கேட்டாக வேண்டும்.

பயிற்சியைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. அதன் கவர்ச்சி அதன் எளிமை. மூன்று நாள், ஒரு விடுதி அரங்கு, வெளிநாட்டு வல்லுநர் ஒருவர், கடைசியில் குழுப் புகைப்படம். எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கையில் எண் போட்டுவிடலாம். எதிர்ப்பவரும் இல்லை, ஆளுங்கட்சிக்குச் சங்கடமும் இல்லை. (யாருக்குமே சங்கடம் தராத சீர்திருத்தம் என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.) ஆனால் 2015 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சியான தேசிய ஜனநாயக லீக் நாடெங்கும் அள்ளிக்கொண்டு போனபோது, மியன்மார் மன்றங்களில் ஐந்தாண்டாகச் சேர்ந்த அனுபவத்தின் பெரும்பகுதி வீட்டுக்குப் போய்விட்டது. வந்தவர்களுக்குக் கேள்வி எப்படிக் கேட்பது என்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

இந்தோனேசியாவில் இதற்குப் ‘பிம்தெக்’ என்று செல்லப் பெயர், தொழில்நுட்ப வழிகாட்டல் என்பதன் சுருக்கம். உள்ளூர் மன்ற உறுப்பினர்கள் வேறு ஊர் விடுதியில் தங்கிப் படிப்புப் படித்துவிட்டு வருவதை அங்கே பொதுமக்கள் உல்லாசப் பயணமாகவே பார்க்கிறார்கள். அறிவுக் குறைதான் நோய் என்று நம்புகிறவர்களுக்கு அதே நாட்டில் இன்னொரு செய்தியும் உண்டு. மலாங் நகர மன்றத்தில் இருந்த 45 பேரில் 41 பேரை 2018இல் ஊழல் ஒழிப்பு ஆணையம் குற்றம் சாட்டியது. 2015ஆம் ஆண்டுக்கான திருத்திய வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தரப் பணம் வாங்கினார்கள் என்பது வழக்கு. அந்தத் திட்டத்தைப் படிக்கத் தெரியாததால் வந்த வினை இல்லை அது.

செயலகத்துக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியாத வேலை இது, ஆனால் நான்கில் மிக அதிகமாக நிற்பதும் இதுதான் என்பது என் கணிப்பு.

ஒரு மன்றத்துக்கு நினைவு எங்கே இருக்கிறது? உறுப்பினரின் தலையில் இல்லை, அவர் ஐந்தாண்டில் போய்விடுவார். போன கூட்டத்தொடரில் அமைச்சர் எழுந்து “அடுத்த மழைக்குள் பாலம் முடியும்” என்று உறுதி சொன்னதை யார் எழுதி வைத்தார்கள், மழை வந்ததும் யார் அதை எடுத்து நீட்டுவார்கள் என்பதில் இருக்கிறது. போன ஆண்டு சாலைக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் ஓர் எழுத்தர், பத்துப் பயிற்சி வகுப்புகளுக்குச் சமம். உறுப்பினர் ஒருவர் மசோதா கொண்டுவர விரும்பினால் அதைச் சட்ட நடையில் வரைந்து கொடுக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத மன்றத்தில் எல்லா மசோதாவும் அரசுத் துறையிலிருந்தே வரும்.

அந்த ஊழியர் யாருடைய ஆள் என்பதுதான் முடிச்சு. மியன்மாரில் மாநில அரசின் அலுவலகமாக இயங்கியது பொது நிர்வாகத் துறை. அரசமைப்பே அப்படிச் சொல்கிறது. மன்ற அலுவலகத்துக்கும் ஆட்கள் அங்கிருந்தே வந்தார்கள். அந்தத் துறை 2018 டிசம்பர் வரை உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருந்தது, உள்துறை அமைச்சரை முன்மொழிவதோ ராணுவத் தலைமைத் தளபதி. அதாவது, அரசைக் கேள்வி கேட்க உறுப்பினருக்குக் குறிப்பு எழுதித் தர வேண்டியவர், அதே அரசின் ஊழியர். நாளைக்கே மாற்றல் வரலாம் என்று தெரிந்தவர் எந்த மாதிரிக் குறிப்பு எழுதுவார்?

இந்தோனேசியச் சட்டம் இதையே இன்னும் நாசூக்காகச் செய்கிறது. மன்றச் செயலாளர் அன்றாட வேலையில் மன்றத் தலைமைக்குப் பொறுப்பு, நிர்வாகத்தில் வட்டாரத் தலைவரான ஆளுநருக்கோ மேயருக்கோ பொறுப்பு. மன்றத் தலைமையின் ஒப்புதலோடு அவரை நியமிப்பதும் நீக்குவதும் ஆளுநரோ மேயரோதான். இரண்டு எஜமானர் இருக்கும்போது பதவி உயர்வு யார் கையிலோ அவர் சொல்தான் எடுபடும்.

தென்னாப்பிரிக்கா வேறு பக்கம் போனது. அங்கே நாடாளுமன்றமும் 9 மாகாணச் சட்டமன்றங்களும் தம் பணத்தைத் தாமே நிர்வகிப்பதற்கென்று 2009இல் ஒரு தனிச் சட்டமே வந்தது. வரவு செலவைத் திட்டமிடுவது, கணக்கு எழுதுவது, தணிக்கைக்குப் பதில் சொல்வது எல்லாம் மன்றத்தின் பொறுப்பு. இதனால் அங்கே ஒவ்வொரு மாகாண மன்றமும் புலியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரே கட்சி நீண்ட காலம் ஆண்ட மாகாணங்களில் உறுப்பினருக்குக் கேள்வி கேட்கும் பசியே வரவில்லை. செயலகம் பசியைத் தராது. பசி வந்தால் சாப்பாடு போடும், அவ்வளவுதான்.

இவ்வளவு நல்ல வழி என்றால் உதவி நிறுவனங்கள் ஏன் இதில் பணம் போடத் தயங்குகின்றன? சம்பளம் ஆண்டுதோறும் வரும் செலவு. மூன்றாண்டுத் திட்டத்தில் வைத்த ஆள், திட்டம் முடிந்த மறுநாள் வேறு திட்டத்துக்குப் போய்விடுவார். பணியிடத்தை உள்நாட்டு அரசே உருவாக்கிச் சம்பளம் கொடுத்தால்தான் நிலைக்கும். தன்னைக் கேள்வி கேட்கும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க எந்த அரசு அவசரப்படும்? பயிற்சி வகுப்பு ஜெயிப்பதற்கு இதுவே காரணம்.

அதிகாரம்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்பவர்களின் வாதம் வலுவானது. அவர்கள் காட்டக்கூடிய இடம் மியன்மாரின் ரகைன் மாநிலம். 2015 தேர்தலில் அங்கே அதிக இடங்களை வென்றது அரக்கான் தேசியக் கட்சி. ஆனால் அரசமைப்புப்படி முதலமைச்சரைத் தேர்ந்தெடுப்பவர் நாட்டின் ஜனாதிபதி. மன்றம் மறுக்க வேண்டுமானால், அவருக்குச் சட்டத் தகுதி இல்லை என்று தெளிவாக நிரூபிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்பது காரணமாகாது. 2016 மார்ச்சில் தேசிய ஜனநாயக லீகைச் சேர்ந்தவர் முதலமைச்சராக அறிவிக்கப்பட்டபோது, அரக்கான் தேசியக் கட்சி உறுப்பினர்கள் எழுந்து வெளிநடப்புச் செய்தார்கள். அதிக இடங்கள் வைத்திருக்கும் கட்சிக்கு மிஞ்சியது வெளிநடப்பு. போதாததற்கு, மன்றத்தின் நான்கில் ஒரு பங்கு ராணுவம் நியமித்த ஆட்கள். இந்த மன்றத்துக்கு எவ்வளவு நல்ல நூலகம் வைத்துக் கொடுத்தாலும் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டால், என்னிடம் சட்டென்று பதில் இல்லை.

ஆனால் அதிகாரம் வந்த இடங்களில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். இந்தோனேசியா 1999ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆளுநரையும் மேயரையும் தேர்ந்தெடுக்கும் உரிமையை உள்ளூர் மன்றங்களுக்கே கொடுத்தது. அவர்கள் தம் ஆட்சிக்குக் கணக்குச் சொல்லும் பொறுப்பறிக்கையை நிராகரித்துப் பதவி நீக்கத்துக்கு வழி செய்யவும் முடிந்தது. விளைவு, மன்ற உறுப்பினரின் ஓட்டுக்கு விலை வந்தது. 2004இல் சட்டம் மாறி, 2005 ஜூனிலிருந்து மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2014இல் அந்த உரிமையை மன்றங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் நிறைவேறியது. வந்த எதிர்ப்பில், அப்போதைய ஜனாதிபதி யுதயோனோ சில நாளிலேயே அவசரச் சட்டம் போட்டு அதைத் தூக்கினார். மன்றத்துக்கு அதிகாரம் போவதை மக்களே விரும்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நேபாளத்தில் 2015 அரசமைப்பு 7 மாகாணங்களையும், மொத்தம் 550 உறுப்பினர்களையும் உருவாக்கியது. முதலமைச்சர் மாகாணப் பேரவைக்கே பொறுப்பு. நல்ல ஏற்பாடு. ஆனால் கோசி மாகாணத்தின் 93 பேர் பேரவையில் 2023இல் இரு தரப்பும் ஏறக்குறைய சமமாக நின்றன. பேரவைத் தலைவரின் கையொப்பத்தையும் சேர்த்துப் பெரும்பான்மை காட்டி முதலமைச்சர் பதவியேற்க, அந்த நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டின் பெரும்பகுதி யார் நாற்காலியில் என்ற சண்டையிலேயே போனது. அதே நேபாளத்தில் மாகாணங்களின் வருமானத்தில் பெரும்பங்கு காட்மாண்டுவிலிருந்து வரும் மானியம், தலைமைச் செயலாளரும் அங்கிருந்து வருபவர்.

அதிகாரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வேரை மாற்ற அரசமைப்பைத் திருத்த வேண்டும், அது மாகாண மன்றத்தின் கையில் இல்லை, உதவிக்கு வருபவர் கையிலும் இல்லை. மியன்மாரில் ஒன்றிய மன்றத்தில் 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வேண்டும், 25 சதவீதம் ராணுவத்திடம். காத்திருப்பதென்றால் எத்தனை காலம்?

நான்காவது வழியைப் பற்றி நான் ஆரம்பத்தில் ஏளனமாகத்தான் நினைத்தேன். மக்கள் கேட்பு என்றால் மேடை, ஒலிபெருக்கி, மாலை. தென்னாப்பிரிக்க வழக்குகளைப் படித்த பிறகு மாற்றிக்கொண்டேன்.

அங்கே மாகாணச் சட்டமன்றம் மக்கள் பங்கேற்புக்கு வழி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 118ஆம் பிரிவு சொல்கிறது. 2006 ஆகஸ்டில் அரசமைப்பு நீதிமன்றம் அதற்குப் பல் வைத்தது. அரசமைப்பைத் திருத்தி, மடாடியேலே என்ற ஊரைக் குவாசூலு-நட்டால் மாகாணத்திலிருந்து பிரித்து ஈஸ்டர்ன் கேப்பில் சேர்த்திருந்தார்கள். ஈஸ்டர்ன் கேப் சட்டமன்றம் மக்களைக் கூப்பிட்டுக் கேட்டது, குவாசூலு-நட்டால் சட்டமன்றம் கேட்கவில்லை. அந்த ஒரே காரணத்துக்காக, அரசமைப்புத் திருத்தத்தின் அந்தப் பகுதியே செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரி செய்ய 18 மாதம் கொடுத்தது. 2016இல் நில மீட்புச் சட்டத் திருத்தமும் இப்படியே விழுந்தது. மாகாணங்களில் கேட்பு நடந்தது, ஆனால் மக்கள் தயாராகக்கூட நேரமில்லாத அவசரத்தில் நடந்தது என்பது குற்றம்.

அதிகாரம் இல்லாத மன்றத்துக்கும் இதனால் ஒரு பிடி கிடைக்கிறது. ‘மக்களிடம் கேட்காமல் கையொப்பமிட முடியாது, நீதிமன்றம் தூக்கி எறிந்துவிடும்’ என்று தலைநகரிடம் சொல்லலாம். ஆனால் வழி திறந்ததும் முடிவு மாறும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மடாடியேலே மக்களை முறைப்படி கேட்டுவிட்டு, 2007இல் புதிய திருத்தம் போட்டு, ஊரை ஈஸ்டர்ன் கேப்பிலேயே வைத்துவிட்டார்கள். அப்புறம், தீர்ப்பை அமல்படுத்த அஞ்சாத நீதிமன்றம் இருக்கும் நாட்டில்தான் இந்த வழி ஓடும். மியன்மாரில் அது இல்லை. 2020 நவம்பரில் தேர்வானவர்கள் மன்றத்தில் உட்காரும் முன்பே, 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் எல்லாவற்றையும் மூடியது. இந்த நான்கு வழிகளில் எதுவும் டாங்கியை நிறுத்தியிருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மன்றங்கள் மூடப்படாத நாடுகளில் என் வரிசை இது: முதலில் செயலகம், அடுத்து மக்கள் கேட்பு. பயிற்சி கடைசி, அதுவும் உறுப்பினரைவிட ஊழியருக்கு முன்னுரிமை. அதிகாரத்துக்கான வாதம் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அந்த வாதத்துக்கு வேண்டிய எண்களையும் செயலகம்தான் சேர்த்துத் தரும்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம், அளவு. நேபாளத்தின் கர்ணாலி பேரவையில் 40 பேர். அமைச்சர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதால் 8 பேர் வரை அங்கே போகலாம். பேரவைத் தலைவரும் துணைத் தலைவரும் போனால், எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்து 30 பேர். 2021க்கு முன் மியன்மாரின் கயா மாநில மன்றத்தில் மொத்தமே 20 பேர் இருந்தார்கள், அதில் 5 ராணுவத்துக்கு. இவ்வளவு சின்ன மன்றத்துக்குத் தனி ஆய்வுப் பிரிவு, தனிச் சட்ட வரைவுப் பிரிவு என்று கேட்டால் நிதித் துறை சிரிக்கும். அண்டை மாகாணங்கள் இரண்டு மூன்று சேர்ந்து, ஆய்வுக்கும் வரைவுக்கும் வரவு செலவு அலசலுக்கும் பொதுவாக ஓர் அலுவலகம் வைத்துக்கொள்வது கட்டுப்படியாகும். செயலாளர் மட்டும் ஒவ்வொரு மன்றத்துக்கும் தனி. அவருடைய மாற்றல் உத்தரவில் மன்றத் தலைவர்தான் கையொப்பமிட வேண்டும்.