கூலண்ட் என்ற பெயரில் போர்வெல் தண்ணீர்: மலைக்குக் கிளம்பும் வேலூர்க்காரர்கள் கவனத்துக்கு

மார்கழி பிறந்ததும் வேலூரில் சில கார் பட்டறைகள் 'குளிர்கால சர்வீஸ்' என்று ஒன்றை விற்கத் தொடங்கிவிடுகின்றன. பொங்கல் விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் போகிற குடும்பங்கள்தான் குறி. நெடுஞ்சாலையை ஒட்டிய அப்படியொரு பட்டறையில் என்னிடம் 6,800 ரூபாய் வாங்கினார்கள். ஊட்டியில் உறைபனி விழுகிறது, ரேடியேட்டர் தண்ணீர் உறைந்தால் என்ஜினே பிளந்துவிடும் என்று முதலாளி பயமுறுத்தினார். கூலண்ட் (என்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்), பேட்டரி சோதனை, டயருக்கு நைட்ரஜன், வைப்பர் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. கூலண்டின் பெயரோ அளவோ பில்லில் இல்லை.

மேட்டுப்பாளையம் தாண்டி, குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு நெருங்கும்போது வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து ஆவி. பின் இருக்கையில் வயதான அம்மாவும் குழந்தைகளும். கொண்டை ஊசி வளைவில் அடுத்தடுத்துப் பஸ்கள். அந்த இடத்தில் வண்டி நிற்பது எவ்வளவு ஆபத்து என்பது அந்தப் பாதையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

குன்னூரிலிருந்து வந்த மெக்கானிக், என்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே விடவில்லை. பிறகு ஒரு துளி எடுத்து, கூலண்டின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தார். கோடு பூஜ்ஜியத்தில் நின்றது. "இதில் கூலண்ட் ஒரு சொட்டுகூட இல்லைங்க சார், சாயம் கலந்த தண்ணீர்" என்றார். வடித்தபோது துரு கலங்கி வந்தது. மூடியின் ரப்பரும் வெடித்திருந்ததால் அழுத்தம் நிற்கவில்லை. அழுத்தம் இல்லாத வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்; மேலே ஏற ஏற அதற்கும் முன்பே கொதிக்கும். சர்வீஸ் என்று ஒன்றைச் செய்திருந்தால் அந்த ரப்பர் கண்ணில் படாமல் இருந்திருக்காது.

நம் ஊர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று அந்தப் பட்டறைக்காரர்களுக்குத் தெரியாதா? தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையில் எத்தனை கிணறுகள் உப்பேறிக் கிடக்கின்றன! பாத்திரத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டும் அந்தத் தண்ணீரை அலுமினிய ரேடியேட்டரில் ஊற்ற எப்படி மனம் வந்தது?

கூலண்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. ஊட்டியின் கடும் இரவுகளே பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும். நமக்குக் கூலண்ட் வேண்டியது கொதிநிலையை உயர்த்தவும் துருவைத் தடுக்கவும்; அது சித்திரையிலும் வேண்டும், மார்கழியிலும் வேண்டும். ஆகவே மூடி உடைக்காத கேனை உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். எத்தனை லிட்டர் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பேட்டரி சோதனையும் வோல்ட்மீட்டரை வைத்து எடுத்ததோடு சரி. கத்திரி வெயிலில் நலிந்த பேட்டரி மார்கழி விடியலில்தான் காட்டிக்கொடுக்கும். பேட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்ட் கேளுங்கள்.

திரும்பி வந்து கேட்டதற்கு, "மலையேறினால் எந்த வண்டியும் சூடாகும்" என்று பதில். பணத்தைத் தரவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். இப்படியொரு சர்வீஸை ஏற்கெனவே செய்துகொண்டவர்கள், மலைக்குக் கிளம்பும் முன் என்ஜின் நன்றாக ஆறியபின் கூலண்டை வேறொரு மெக்கானிக்கிடம் சோதித்துவிடுங்கள். பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.