அண்டர்வுட்டின் மைதானத்தில் ஒரு கவுண்டி ஆட்டம்: கான்டர்பரி செயின்ட் லாரன்ஸ்

இங்கிலாந்து கிரிக்கெட்டின் இடது கைச் சுழல் வீச்சாளர் டெரெக் அண்டர்வுட்டின் பந்துவீச்சில் மனத்தைப் பறிகொடுத்த யாரும், இங்கிலாந்து செல்ல வாய்த்தால், லார்ட்ஸுக்கு முன்பாகக் கென்ட் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) அணிக்குக் கான்டர்பரி நகரில் உள்ள செயின்ட் லாரன்ஸ் மைதானத்துக்குச் சென்று, நான்கு நாள் ஆட்டத்தில் ஒரு நாளையாவது அங்கே கழிக்க வேண்டும் என்பேன். 2024 ஏப்ரலில், தம் 78ஆம் வயதில் மறைந்த அந்த மாமனிதர், 1963இல் 17 வயதில் கென்ட்டுக்காகக் களமிறங்கி, அந்தப் பருவத்திலேயே 100 விக்கெட்டுகளை எடுத்தவர். 1987இல் ஓய்வு பெறும்வரை வேறு கவுண்டிக்கு மாறாதவர்.

டிக்கெட் வாங்கினால் 'அண்டர்வுட் அண்டு நாட்' மாடத்தில் அமருங்கள். பந்து வீசியவரையும், மிதவேகத்தில் சீறிவந்த அந்தப் பந்துகளை ஸ்டம்புக்கு அருகிலேயே நின்று பிடித்த விக்கெட் கீப்பர் ஆலன் நாட்டையும் ஒரே பெயரில் இணைத்தது எவ்வளவு பொருத்தம்! எல்லைக்கோட்டை ஒட்டிக் கார்களை நிறுத்தி, உள்ளே அமர்ந்தபடியே ஆட்டம் பார்க்கும் பழைய வழக்கமும் இங்கே உண்டு. எல்லைக்குள்ளேயே நின்றிருந்த புகழ்பெற்ற லிண்டன் மரம் 2005இல் காற்றில் சாய்ந்துவிட்டது. முதல் உலகப்போரில் 1917இல் உயிர்நீத்த காலின் பிளைத்தின் நினைவுச் சின்னத்தைக் காணாமல் திரும்பாதீர்கள். அவரும் கென்ட்டின் இடது கைச் சுழல் வீச்சாளரே. முதல்தர ஆட்டங்களில் பிளைத் எடுத்தவை 2,503 விக்கெட்டுகள், அண்டர்வுட் எடுத்தவை 2,465.

ஆனால் அண்டர்வுட்டின் வித்தையை இனி எந்த மைதானத்திலும் காண முடியாது. இன்று மழை வந்தால் ஆடுகளத்தை மூடிவிடுகிறார்கள்; அவர் வளர்ந்த காலத்தில் அது மழைக்குத் திறந்து கிடந்தது. நனைந்து, பின் வெயிலில் காயத் தொடங்கும் மண்ணில் அவர் பந்து திடீரென எகிறித் திரும்பும்போது, அந்த வேகத்தில் மட்டையைத் திருத்திக்கொள்ள எவருக்கும் அவகாசம் இருக்காது. 1968இல் ஓவல் மைதானத்தில் வெள்ளம் தேங்கிய திடலைப் பார்வையாளர்களும் சேர்ந்து வடித்துக் கொடுக்க, 50 ரன்களுக்கு 7 விக்கெட் வீழ்த்தி, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் ஆஸ்திரேலியாவைச் சாய்த்தது அந்தக் கலைதான். ஆனால் ஈர மண் மட்டுமே அவருக்குத் துணை என்பது அநியாயமான பேச்சு: 1976–77 தொடரில் இந்திய மண்ணிலேயே 29 விக்கெட்டுகள் எடுத்தார், டெஸ்ட் போட்டிகளில் கவாஸ்கரை 12 முறை வெளியேற்றினார். மட்டையாளராகப் பெயர் பெறாத அவர், 1984இல் ஹேஸ்டிங்ஸில் 'இரவுக் காவலராக' (நாள் முடியும் தறுவாயில் முன்னணி மட்டையாளரைக் காக்க முன்னதாக அனுப்பப்படுபவராக) இறங்கி 111 ரன்கள் குவித்தபோது அவருக்கு வயது 39. முதல்தர ஆட்டங்களில் அவர் அடித்த ஒரே சதம் அது. அதை நினைத்தால் இன்றும் உள்ளம் பூரிக்கிறது.

ஆரவாரத்தை எதிர்பார்ப்போருக்கு இருபது ஓவர் ஆட்டமே ஏற்றது. அண்டர்வுட்டை நினைத்துச் செல்வோர் நான்கு நாள் ஆட்டத்தையே தேர்ந்தெடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் குளிரும் என்பதால் தடித்த மேலங்கி கட்டாயம் வேண்டும்.