செல்லர் ஐடிக்கும் ஜிஎஸ்டி நம்பருக்கும் வித்தியாசம் தெரியாத ஸ்டாக் சாஃப்ட்வேர்

நான் யூஸ் பண்ற ஸ்டாக் சாஃப்ட்வேர் விலைய குறைச்சதும், அமேசான்ல புதுசா பெட்ஷீட் விக்க ஆரம்பிச்ச நண்பர் வாங்கலாமான்னு கேக்கறார். கம்பெனி பேரு இங்க வேணாம், விஷயத்த மட்டும் சொல்றேன்.

நல்லது நெறைய இருக்கு. அமேசான் மாதிரி ஒரு விற்பனை தளத்துல ஆர்டர் விழுந்தா இன்னொண்ணுல ஸ்டாக் உடனே குறையுது, தீபாவளி சீசன்ல கூட ஹேங் ஆகல, லேபிள் பிரிண்ட் அவ்ளோ சுத்தம்.

ஆனா ஒரு கடைன்னா என்னன்னு இதுக்கு புரியவே இல்ல! அமேசான்ல நம்ம கடையோட அடையாளம் செல்லர் ஐடிதான், அக்கவுண்ட் இன்ஃபோவுக்குள்ள போனா மெர்சன்ட் டோக்கன்னு இருக்கும், ஏ-ல ஆரம்பிச்சு எழுத்தும் நம்பரும் கலந்து வரும், கடை பேர மாத்தினாலும் அது மாறாது. மார்க்கெட்பிளேஸ் ஐடியும் ஏ-லதான் ஆரம்பிக்கும், ஆனா இந்திய தளத்துல விக்கிற எல்லாருக்கும் அது ஒண்ணேதான், கொழப்பிக்காதீங்க. ஜிஎஸ்டி நம்பர் வேற ரகம். 15 இலக்கத்துல முதல் 2 மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29, அடுத்த 10 நம்ம பான். பெங்களூர்ல இருக்கற அமேசான் குடோன்ல சரக்கு வைக்கணும்னா 29-ல இன்னொரு ரெஜிஸ்ட்ரேஷன் எடுத்து அதே அக்கவுண்ட்ல சேக்கணும். ஜிஎஸ்டி ரெண்டு, கடை ஒண்ணுதான்.

இந்த சாஃப்ட்வேர் என்ன பண்ணுதுன்னா ஜிஎஸ்டி நம்பர வெச்சு கடைய பிரிக்குது. 29-அ சேத்த அன்னைக்கே அதே செல்லர் ஐடி, அதே கடை பேரோட லிஸ்ட்ல ரெண்டாவது கடை ஒண்ணு வந்து உக்காந்துருச்சு. என் கரூர் குடோன்ல 40 பீஸ் இருந்தா 33-க்கு 40, 29-க்கு 40-னு காட்டி, அடுத்த தளத்துக்கு 80-னு அனுப்பிடுது, இல்லாத பீஸுக்கு ஆர்டர் வருது, கேன்சல் பண்ணா அடி நம்ம ரேட்டிங்குக்கு. சப்போர்ட்ல சொன்னா கையால சேத்து குடுப்பாங்க, அடுத்த அப்டேட்ல மறுபடி பிரிஞ்சுக்கும். காசு வாங்கறவங்க இத கூடவா சரி பண்ண மாட்டாங்க?

இவ்ளோ நல்லது சொல்லிட்டும் சொல்றேன், வாங்காதீங்க. ஒரே மாநிலத்துல சரக்கு வெக்கிறவருக்கு இது பிரச்சனையே இல்ல, ஆனா அடுத்த வருஷம் வேற மாநிலத்துல இன்னொரு குடோன் எடுப்பீங்கல்ல, அப்ப மாட்டும். வேற எந்த சாஃப்ட்வேர் பாத்தாலும் டெமோலயே ஒரு செல்லர் ஐடிக்கு கீழ ரெண்டு ஜிஎஸ்டி போட்டு, ஸ்டாக் எண்ணிக்கை இரட்டிப்பாகுதான்னு பாத்துட்டு அப்பறமா காசு கட்டுங்க.