தலையில் தேங்கும் நீர்: ஊசி, பை, ஷன்ட், அலசல்

அக்காவுக்கு 28ஆவது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது, குழந்தை 1,100 கிராம். மூன்றாம் நாள் தலை ஸ்கேனில் மூளையறைக்குள், அதாவது மூளைக்குள் நீர் நிறைந்திருக்கும் அறைக்குள், ரத்தக்கசிவு, கிரேடு 3 என்றார்கள், கடுமையான வகை. அதற்கப்புறம் என் வேலை, நர்ஸ் டேப்பால் தலையைச் சுற்றி அளப்பதைப் பார்த்து நோட்டில் குறிப்பது. வாரத்துக்கு ஒரு செ.மீ. அளவில் வளர்ந்தால் பரவாயில்லை. எங்களுக்கு இரண்டைத் தாண்டியது. மெத்தென்று இருக்க வேண்டிய உச்சிக்குழி பிதுங்கி நின்றது.

34 வாரம் வரைக்கும் மூளையறையை ஒட்டி ஒரு முளைத்திசு இருக்கும், அதன் ரத்தக்குழாய்கள் ரொம்ப மெல்லியவை. அவை வெடித்து ரத்தம் உறைந்தால் மூளைத் தண்டுவட நீர் வெளியேறும் வழி அடைபடும். நீர் சுரப்பது மட்டும் நிற்காது.

மருந்தால் சுரப்பைக் குறைக்கலாமே என்றுதான் எல்லோரும் முதலில் கேட்போம். அசிட்டசோலமைடும் ஃப்ருசமைடும் கொடுத்து 177 குழந்தைகளிடம் சோதித்து 1998இல் முடிவு வெளியானது: மருந்து வாங்கிய பக்கம்தான் நிலைமை மோசம். அந்தக் கதை அதோடு முடிந்தது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பதும் வழி அடைபடாமல் இருந்தால்தான் உதவும், அதுவும் கொஞ்ச நாளைக்கு.

நிஜமான போட்டி ரிசர்வாயருக்கும் சப்கேலியல் ஷன்ட்டுக்கும்தான் (ஷன்ட் என்றால் தேங்கிய நீரை வேறிடத்துக்கு வடிக்கும் குழாய்). இரண்டுமே தற்காலிக ஏற்பாடு. நிரந்தர ஷன்ட் வைக்கிற அளவுக்குக் குழந்தை இரண்டு கிலோ தொடும்வரை தாக்குப்பிடிக்க. ரிசர்வாயர் என்பது தலைத்தோலுக்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி மேடாகத் தெரியும் ஒரு குமிழ், அதிலிருந்து ஒரு குழாய் மூளையறைக்குள் போகும். மருத்துவர் மெல்லிய ஊசியைக் குமிழில் செருகி, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 மில்லி கணக்கில் மெதுவாக இழுப்பார். எவ்வளவு எடுக்கிறோம் என்பது நம் கையில், அது பெரிய லாபம். ஆனால் தினமும் அல்லது ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊசி, ஒவ்வொரு ஊசியிலும் கிருமித்தொற்று பயம்.

சப்கேலியலில் ஊசியே வேண்டாம், நீர் தானாக வழிந்து தலைத்தோலுக்கு அடியில் ஒரு பையில் சேர்ந்து உடம்பிலேயே உறிஞ்சப்படும். பார்க்கத்தான் பயங்கரம், தலையில் ஒரு பக்கம் பலூன் மாதிரி வீங்கியிருக்கும், வார்டில் அப்படி இருந்த ஒரு குழந்தையைப் பார்த்துப் பக்கத்துப் படுக்கைக்காரர் பாட்டி "யார் அடிச்சா?" என்றே கேட்டார். அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது, நாளாக நாளாகப் பை ஒட்டிக்கொண்டு வேலை செய்யாமல் போகலாம். தினமும் நீர் எடுக்க ஆள் இருக்கிற இடத்தில் ரிசர்வாயர், இல்லாத இடத்தில் சப்கேலியல் என்பது என் கணக்கு.

எதை வைப்பது என்பதைவிட எப்போது வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. எல்விஸ் என்ற சோதனையில் 126 குழந்தைகள், ஒரு பாதிக்கு மூளையறை கொஞ்சம் விரிந்ததுமே நீர் எடுத்தார்கள், மறு பாதிக்கு நன்றாக விரியும்வரை காத்திருந்தார்கள். மரணத்திலோ நிரந்தர ஷன்ட்டிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் இரண்டு வயதுக் கணக்கில் சீக்கிரம் தொடங்கிய பக்கம் மேல் என்று தோன்றியது. தலை பெருக்கட்டும் பார்ப்போம் என்று சும்மா இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

எனக்கு மனசில் நிற்பது இங்கிலாந்தின் பிரிஸ்டலில் தொடங்கிய டிரிஃப்ட் என்ற மூளையறையை அலசும் முறை. ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைக் கொஞ்சம் செலுத்திவிட்டு, ஒரு குழாய் வழியாகச் செயற்கை நீரை உள்ளே விட்டு மறு குழாய் வழியாக வெளியே எடுப்பார்கள். கோலா நிறத்தில் வருகிற நீர் வெளுக்கும்வரை மணிக்கணக்கில், நாள்கணக்கில் கழுவல். ஆனால் 34 பேரில் 12 பேருக்கு மறுபடி ரத்தக்கசிவு, ஷன்ட் தேவையும் குறையவில்லை, பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். தோல்வி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள், ஆனால் இரண்டு வயதில் பார்த்தபோது கடுமையான அறிவுத்திறன் குறைபாடு கழுவிய பக்கம் 31 சதவீதம், வழக்கமான சிகிச்சைப் பக்கம் 59. பத்து வயதிலும் அந்த இடைவெளி தெரிந்தது. இருந்தும் எல்லா இடத்திலும் செய்ய முடிகிற வேலை இல்லை அது, கவனிக்க அவ்வளவு ஆள் வேண்டும்.

நிரந்தரம் என்றால் வயிற்றுக்கு வடிக்கிற வி.பி. ஷன்ட். வைத்த இரண்டு வருஷத்துக்குள் சுமார் 40 சதவீதம் அடைபடும் அல்லது பழுதாகும். உகாண்டாவின் எம்பாலேயில் பெஞ்சமின் வார்ஃப் என்ற மூளை அறுவை மருத்துவர் வளர்த்தெடுத்த, மூளையறைக்குள் ஓட்டை போட்டு நீர் சுரக்கும் திசுவைச் சுடும் முறையில் குழாயே இல்லை, ஆனால் குறைமாதத்தில் ரத்தம் கசிந்த குழந்தைகளுக்கு அது அவ்வளவு நன்றாகப் பலிப்பதில்லை. அதே உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் உத்தரப்பிரதேசம் ஷாஜஹான்பூரில் செய்கிற மலிவான சாப்ரா ஷன்ட்டையும் விலை அதிகமான வெளிநாட்டு ஷன்ட்டையும் ஒப்பிட்டார் வார்ஃப், ஒரு வருஷத்தில் வித்தியாசம் இல்லை. பணம் கட்டும் கவுண்டரில் நிற்கும்போது ஞாபகம் இருக்கட்டும்.

எங்களுக்கு முதலில் ரிசர்வாயர், 2.3 கிலோவில் ஷன்ட். நோட்டில் இப்போது தலை அளவோடு வேறு சிலதும் எழுதுகிறேன்: காரணமில்லாமல் வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், கண்மணி கீழே இறங்கி வெள்ளை மேலே தெரிவது. மூன்றில் ஒன்று வந்தாலும் ஆட்டோ பிடிக்க வேண்டும் என்று அக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்து ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள்.