கிளிநொச்சி இறுவட்டு நிலையம்: சின்னம் இல்லாத அட்டை குறையன்று

வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் காணொளியை உறவினருக்கு அனுப்புவதற்காக, கிளிநொச்சியில் ஏ9 வீதியோரமுள்ள ஒளிப்பதிவு நிலையமொன்றில் டிவிடி இறுவட்டுகளாகப் பதிவுசெய்து, வெள்ளை முகப்பில் படமும் அச்சிடுவித்தேன். நிறங்கள் தெளிவாக உள்ளன. ஓரங்களில் மை கசியவில்லை.

எனினும் நான் இந்நிலையத்தை மதிப்பதற்கு முதற் காரணம் வேறு. நீள்வட்டத்தின் மேல் டிவிடி எழுத்துகள் நிற்கும் அந்தப் பழக்கமான சின்னத்தை அட்டையின் மூலையில் இடுவதற்கு அவர்கள் உறுதியாக மறுத்தார்கள். அது ஒரு வணிகக்குறி. அதற்கான உரிமத்தைச் சின்னத்தை நிர்வகிக்கும் யப்பானிய உரிம நிறுவனமே வழங்குகிறது. வெற்று இறுவட்டில் உற்பத்தியாளர் அச்சிட்டிருக்கும் சின்னம் அவருடைய உரிமத்தைச் சார்ந்தது. அவ்விறுவட்டை வாங்கிப் பதிவுசெய்பவருக்கு, தன் அட்டையிலும் அதையே இடும் உரிமை அதனாற் கிடைத்துவிடாது. புளூ-ரே சின்னமும் இவ்வாறே உரிமத்துக்குட்பட்டது. இலங்கையில் வணிகக்குறிகளுக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது என்பதைக் கலியாணவீட்டு இறுவட்டுகளை விற்கும் நம்மவர் பலர் கவனிப்பதில்லை. இது எனக்கு உண்மையான கவலை.

சின்னத்துக்குப் பதிலாக, "டிவிடி இயக்கியில் பார்க்கலாம்" என்று சாதாரண எழுத்தில் அச்சிட்டுத் தந்தார்கள். பார்ப்பவருக்கு வேண்டிய தகவல் அவ்வளவே. அட்டைத் தாள்தான் மெல்லியது, அடுத்த முறை தடித்த தாளைக் கேட்டு வாங்குவேன்.