டைம்ஷிஃப்ட்: அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு

ஐப்பசி, கார்த்திகை மழையில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. லினக்ஸ் மின்ட்டில் (விண்டோஸ் போல கணினியை இயக்கும் இலவச மென்பொருள்) அப்டேட் ஓடும்போது யூபிஎஸ் இல்லாத கணினி பொட்டென்று அணைந்தால், பேக்கேஜ்கள் (மென்பொருள் பொதிகள்) பாதி ஏறியும் ஏறாமலும் நிற்கும். அடுத்த முறை போட்டால் கறுப்புத் திரைதான். இந்த நிலையில் ராமேஸ்வரத்திலிருந்து 55 கிலோமீட்டர் பஸ்ஸில் ராமநாதபுரம் போய் ஃபார்மேட் அடித்து வருகிறவர்கள் உண்டு. அந்த அலைச்சலே வேண்டாம் என்கிறது டைம்ஷிஃப்ட் என்ற செயலி. 2017-ல் வந்த மின்ட் 18.3 முதல் கூடவே வருகிறது, 2022 முதல் மின்ட் குழுவே பராமரிக்கிறது, காசு கிடையாது.

சிஸ்டம் கோப்புகளை அப்படியே நகலெடுத்து வைப்பதுதான் அதன் வேலை. இந்த நகலை ஸ்நாப்ஷாட் என்பார்கள். முதல் ஸ்நாப்ஷாட் முழு அளவில் இருக்கும், 10 ஜிபியைத் தாண்டலாம். அடுத்தடுத்தவை மாறிய கோப்புகளுக்கு மட்டுமே இடம் எடுக்கும். ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் ஒவ்வொன்றும் முழு அளவாகத் தெரியும். மாறாத கோப்புகளை எல்லா ஸ்நாப்ஷாட்டும் பங்கிட்டுக்கொள்வதால் வரும் தோற்றம் அது. பயந்து ஃபோல்டரை நேரடியாக அழிக்காதீர்கள், டைம்ஷிஃப்ட்டுக்குள் போய் டெலீட் கொடுங்கள்.

எங்கே சேமிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சிஸ்டம் இருக்கும் அதே பார்ட்டிஷனில் (டிஸ்க்கில் பிரித்த பகுதியில்) வைத்தால் நாளடைவில் இடம் நிரம்பி, லாகின் பண்ணினாலும் டெஸ்க்டாப் வராமல் போகலாம். அப்படி ஆனால் மின்ட்டை நிறுவப் பயன்படும் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி (பூட் செய்து), அதில் இருக்கும் டைம்ஷிஃப்ட்டைத் திறந்து பழைய ஸ்நாப்ஷாட்களை அழியுங்கள். வெளி ஹார்ட்டிஸ்க்தான் சரி. ஆனால் கடையில் வாங்கியபடியே இருக்கும் என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் வடிவ டிஸ்க்கை டைம்ஷிஃப்ட் ஏற்காது. டிஸ்க்ஸ் செயலியில் 100 ஜிபி பார்ட்டிஷன் ஒன்றை லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வடிவமாகப் பிரித்து, மீதியைப் படங்களுக்கு எக்ஸ்ஃபேட்டாக விடலாம். பிரிப்பதற்கு முன் உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள், எல்லாம் அழிந்துவிடும். கடற்காற்றில் யூஎஸ்பி முனை சீக்கிரம் துருப்பிடித்து, நகலெடுக்கும்போதே இணைப்பு விட்டுப்போகும். வேலை முடிந்ததும் டிஸ்க்கைச் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் போடுங்கள்.

அமைப்பில் ஆர்சிங்க் (கோப்புகளை வேறு டிஸ்க்குக்கும் நகலெடுக்கும்) முறையைத் தேர்ந்தெடுங்கள். பிடிஆர்எஃப்எஸ் முறை வேகம்தான், ஆனால் நகலும் அதே டிஸ்க்கில் இருப்பதால் டிஸ்க் போனால் இரண்டும் போச்சு. தினசரி ஸ்நாப்ஷாட் 2, வாராந்தர ஸ்நாப்ஷாட் 2 வைத்திருந்தால் போதும். மணிக்கொன்று வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றியே வைப்பவர்கள் பெரிய அப்டேட்டுக்கு முன் சொருகி, கிரியேட் பொத்தானை அழுத்தினாலே போதும்.

கறுப்புத் திரை வந்தவுடனே ரீஸ்டோர் பக்கம் ஓட வேண்டாம். பூட் ஆகும்போது எஸ்கேப் விசையை (பழைய பயாஸ் கணினியில் ஷிஃப்ட்டை) அழுத்தினால் கிரப் மெனு (கணினி தொடங்கும்போது வரும் தேர்வுப் பட்டியல்) வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ரிகவரி மோடு, அதற்குள் டிபிகேஜி (dpkg) என்பதைத் தேர்ந்தெடுங்கள். பாதியில் நின்ற பேக்கேஜ்களை அதுவே சரிசெய்யப் பார்க்கும். சரியாகவில்லை என்றால் மின்ட் பென்டிரைவில் பூட் செய்து, டைம்ஷிஃப்ட்டில் வெளி டிஸ்க்கைக் காட்டி, கடைசியாக நன்றாக ஓடிய நாளின் ஸ்நாப்ஷாட்டைத் தேர்ந்து ரீஸ்டோர் கொடுங்கள். கிரப்பையும் அதுவே திரும்ப நிறுவும். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்திருக்கட்டும், மேசைக் கணினிக்கு யூபிஎஸ் வேண்டும். இந்த நேரத்தில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான்.

உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை டைம்ஷிஃப்ட் தானாகச் சேர்ப்பதில்லை. அதைக் குறை என்று நினைத்துச் சேர்த்துவிடாதீர்கள். திங்கட்கிழமை ஸ்நாப்ஷாட்டுக்கு வெள்ளிக்கிழமை திரும்பினால், ஹோமும் திங்கட்கிழமைக்கே போய்விடும். நடுவில் எழுதிய படகு டீசல் கணக்கு, மீன் ஏலச் சீட்டு எதுவும் மிஞ்சாது. மறைகோப்புகளை (செயலிகளின் அமைப்புகள் இருப்பவை) மட்டும் சேர்க்கும் வசதி உண்டு, தேவையானால் அதோடு நிறுத்துங்கள். கல்யாணப் படம், பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் மின்ட்டின் பேக்கப் டூலிலோ டேஜா டூப் என்ற பேக்கப் செயலியிலோ தனியாக, அந்த எக்ஸ்ஃபேட் பகுதிக்குப் போகட்டும்.